செதில் பின்னல்: கொக்கியா, ஊசியா, வெறும் தோற்றமே போதுமா?

செதில் செதிலாக அடுக்கிய பின்னலில் ஏதாவது போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் செய்முறை கிடைப்பது கஷ்டமில்லை. ஒன்று தேடினால் நான்கு வந்து நிற்கும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. படத்தில் நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்; கையில் எடுத்தால் நான்கும் வேறு வேறு துணி. ஒன்று தடித்துக் கனக்கும். ஒன்று இழுத்த இழுப்புக்கு நீளும். ஒன்றின் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இன்னொன்றில் செதில் என்று விரலால் தூக்கிப் பார்க்க எதுவுமே இருக்காது, கண்ணுக்கு மட்டும்தான் செதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளின் முழுப் பரப்பையும் செதிலால் மூடப்போகிறீர்கள் என்றால் குரோஷே கொக்கியை எடுங்கள். உடம்போடு ஒட்டி, இழுபட்டு, மறுபடி சுருங்க வேண்டிய பொருள் என்றால் இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்தான் சரி. ஆனால் செதிலை ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூல் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, செதில் மாதிரி தெரிந்தால் போதும் என்றால் துளைகளால் வடிவம் காட்டும் லேஸ் பக்கம் போய்விடலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

கொக்கியில்: குரோக்கடைல் ஸ்டிச்

செதில் என்றதும் பெரும்பாலானவர்கள் நினைப்பது இதைத்தான். இரண்டு வரிசை சேர்ந்தால் ஓர் அடுக்கு. முதல் வரிசை வெறும் சட்டம்: ஒரே கண்ணியில் இரண்டு டபுள் குரோஷே (கொக்கியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான பின்னல்; அதன் நிமிர்ந்த பகுதிதான் தண்டு) போட்டு ஒரு ஜோடி, இரண்டு கண்ணி விட்டு ஒற்றை டபுள் குரோஷே, மறுபடி இரண்டு கண்ணி விட்டு அடுத்த ஜோடி, விட்ட இடங்களில் செயின், அதாவது சங்கிலிக் கண்ணி. ஆறு கண்ணிக்கு ஒருமுறை இது திரும்ப வரும். இதில் அழகு எதுவும் இருக்காது, வலை போலத்தான் தெரியும். செதில் வருவது அடுத்த வரிசையில். ஜோடியின் முதல் தண்டைச் சுற்றி மேலிருந்து கீழாக ஐந்து டபுள் குரோஷே, அடியில் ஒரு செயின், இரண்டாம் தண்டைச் சுற்றிக் கீழிருந்து மேலாக ஐந்து. பக்கத்து ஒற்றைத் தண்டின் தலையில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரம் கூட்டாமல் இணைக்கும் கண்ணி) போட்டு நிறுத்திவிட்டு அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். அடுத்த அடுக்கில் ஜோடிகள் அரைச் செதில் தள்ளி உட்காரும். ஓட்டுக் கூரையில் ஓடு வேய்கிற அதே கணக்கு, மேல் வரிசை கீழ் வரிசையின் இடைவெளியை மூடும்.

இதில் பழக வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தண்டைச் சுற்றிப் போடும்போது பின்னலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பது. நேராகப் பிடித்துக்கொண்டு கொக்கியை வளைத்தால் மணிக்கட்டு வலிக்கும், ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். துணியைத் திருப்பித் தண்டு படுத்தவாக்கில் வருமாறு வைத்தால் சாதாரண வரிசை போடுகிற மாதிரிதான். சட்டத்து டபுள் குரோஷேயைக் கொஞ்சம் உயரமாக, தளர்வாக இழுத்து விட்டிருந்தால் ஐந்தும் நெருக்கியடிக்காமல் உட்காரும். செதில் முனை கூராக வேண்டும் என்றால் அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு செயின் போடுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் செய்முறையில் டபுள் குரோஷே என்பது பிரிட்டிஷ் செய்முறையில் ட்ரெபிள். நான் இங்கே சொல்வது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் டபுள் குரோஷேயை வைத்துச் சட்டம் போட்டால் தண்டே இருக்காது, செதில் தொங்க இடமும் இருக்காது.

இந்த முறையின் பெரிய வரம், நூலை அறுக்கவே வேண்டாம் என்பது. சட்டமும் செதிலும் ஒரே நூலில் ஓடும். ஒரு கண்டு முடிந்து அடுத்ததை இணைக்கும் இடத்தில்தான் நுனியைச் செருக வேண்டிவரும். பிடிக்கவில்லை என்றால் பிரிப்பதும் அதே சுலபம்: இழுத்தால் செதில் செதிலாக அவிழ்ந்து வந்துவிடும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? முதலில் நூல். ஆறு கண்ணி அகலத்துக்குச் சாதாரண டபுள் குரோஷே வரிசை போட்டால் ஆறு டபுள் குரோஷே. இதே அகலத்தில் குரோக்கடைல் அடுக்குக்குச் சட்டத்தில் மூன்று, செதிலில் பத்து, ஆக பதின்மூன்று, செயின்கள் தனி. செதில் வரிசை உயரத்தைக் கூட்டாது, சட்டத்தின் மேலேயே படுத்துக்கொள்ளும். எனவே அதே பரப்புக்கு இரண்டு மடங்குக்கு மேல் நூல் போகும். நூல் போன அளவுக்குக் கனமும் சேரும்.

இரண்டாவது, இழுவை கிடையாது. பை, மெத்தை உறை, சால்வை, பூட்ஸ் மேல் விளிம்பு இவற்றுக்கு அது குறையில்லை, பைக்கு நல்லதுகூட. சாக்ஸ், சட்டைக்கை, தலையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய குல்லா விளிம்பு, இவற்றில் படுத்தும்.

மூன்றாவது, பின்பக்கம். முன்னால் செதில் மூடியிருந்தாலும் பின்னால் சட்டத்தின் ஓட்டைகள் அப்படியே தெரியும். பைக்கு உள்துணி தைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பேனா முதலில் வெளியே எட்டிப் பார்க்கும்.

ஊசியில்: செதிலைத் தனியாகப் போட்டு வரிசையில் சேர்ப்பது

நிட்டிங்கில் செதிலுக்கென்று தண்டு கிடையாது. அதனால் செதிலைத் தனித் துண்டாகப் போட்டு வைத்துக்கொண்டு, பின்னிக்கொண்டிருக்கும் துணியோடு சேர்க்க வேண்டும். கேட்கத்தான் பெரிய வேலை, செய்முறை எளிது.

டிகே எனப்படும் நடுத்தரக் கன நூல், 4 மி.மீ. ஊசி, ஸ்டாக்கினெட்டில் (நேர்க்கண்ணியான நிட் ஒரு வரிசை, புரட்டிய கண்ணியான பர்ல் ஒரு வரிசை) 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 28 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கண்ணி ஏற்றுங்கள். ஒரு வரிசை சும்மா நிட். அடுத்த வரிசையில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். இப்படி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது வரிசையில் பதினொரு கண்ணி இருக்கும். அதன்பின் எட்டு வரிசை கூட்டாமல் குறைக்காமல் நேராகப் போங்கள். எல்லா வரிசையும் நிட், அதாவது கார்ட்டர். முடிந்ததும் கண்ணிகளை மூடாதீர்கள். நூலை அறுத்துவிட்டு செதிலை ஒரு உபரி வட்ட ஊசிக்கு மாற்றிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கார்ட்டர் வரிசைகள் ஸ்டாக்கினெட்டைவிடக் குட்டை என்பதால் ஒரு செதில் ஏறத்தாழ 5 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளம் வரும். ஓர் அடுக்குக்குத் தேவையான செதில்கள் சேர்ந்ததும் அந்த ஊசியை முக்கியத் துணியின் ஊசிக்கு முன்னால் சேர்த்துப் பிடித்து, செதிலிலிருந்து ஒரு கண்ணி, துணியிலிருந்து ஒரு கண்ணி, இரண்டையும் ஒன்றாக நிட் செய்யுங்கள். வரிசை முடியும்போது செதில்கள் துணியில் தொங்கும். சேர்த்த வரிசையையும் சேர்த்து எட்டு வரிசை சாதாரண ஸ்டாக்கினெட், மறுபடி ஓர் அடுக்கு. எட்டு வரிசை 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, செதில் 4 செ.மீ. என்பதால் ஒவ்வொன்றும் கீழே உள்ளதன் மேல் ஒரு செ.மீ.க்கு மேல் ஏறிப் படுக்கும்.

தட்டையான துணியில் அரைச் செதில் தள்ளுவதற்கு, ஒன்று விட்டு ஒன்று அடுக்கில் ஒரு செதில் குறைத்து, தொடக்கத்தில் ஐந்து கண்ணியும் முடிவில் ஆறு கண்ணியும் செதில் இல்லாமல் பின்னினால் போதும். வட்டமாகப் பின்னினால் இந்தக் கவலை இல்லை.

செதிலை ஸ்டாக்கினெட்டில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு, முனை மேலே தூக்கிக்கொள்ளும். பூவிதழ் மாதிரி வேண்டுமென்றால் அது அழகுதான். படுத்த செதில் வேண்டும் என்றால் கார்ட்டர் அல்லது நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் மாஸ் ஸ்டிச். ஆவி காட்டி ஸ்டாக்கினெட்டைச் சமன் செய்துவிடலாம் என்று நம்பாதீர்கள், கம்பளி அடுத்த துவைப்பில் தன் பழைய சுருளுக்குத் திரும்பிவிடும்.

இப்போது கணக்கு. ஒரு செதில் உட்காரும் அடித்துணி பதினொரு கண்ணி, எட்டு வரிசை, ஆக 88 கண்ணி. அதன்மேல் உள்ள செதிலில் எண்ணிப் பார்த்தால் 147 கண்ணி. இரண்டும் சேர்த்து 235. அதாவது வெறும் துணியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் நூல். 500 கிராமில் முடியும் ஒரு கார்டிகனை முழுக்கச் செதில் வைத்துப் போட்டால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். அதை மாட்டிக்கொண்டு யார் நடமாடுவது? தோள்பட்டையே கீழே இழுபட்டுவிடும். நூலைவிடச் செதிலின் இடைவெளியில் விளையாடுவது நல்லது: அடுக்குக்கு அடுக்கு பத்து வரிசை விட்டால் செதில் கொஞ்சம்தான் ஒன்றையொன்று மூடும், ஆனால் நூல் மிச்சம்.

நூலைவிடப் பெரிய தொல்லை நூல் நுனிகள். 110 கண்ணியில் ஒரு குல்லா என்றால் அடுக்குக்குப் பத்துச் செதில். ஆறு அடுக்குக்கு அறுபது. ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி, மொத்தம் நூற்று இருபது. முடிவில் உள்ளதைச் சேர்க்கும் வரிசையிலேயே பின்னால் சிக்கவைத்துவிடலாம். முனையில் உள்ள அறுபதையும் ஊசியில் கோத்துச் செருகித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பலருடைய குல்லா பைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த முறையை ஏன் விடவில்லை? பின்பக்கம் வழுவழுப்பான சாதாரண நிட்டிங், தோலில் உறுத்தாது, காற்றும் அவ்வளவாகப் புகாது. சேர்க்கும் வரிசைகளில் மட்டும் கொஞ்சம் இறுகினாலும் மற்ற இடத்தில் துணி இழுபடும். செதில்களை முன்கூட்டியே விதவிதமான நிறத்தில் போட்டு வைத்துக்கொண்டு வரிசையில் அடுக்கும் முன் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மிச்ச நூலைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கையில் தூக்கிப் போகவும் வசதி: ஒரு செதிலுக்கு ஒரு சின்னக் கண்டும் இரண்டு குட்டை ஊசியும் போதும், முழுத் துணியையும் சுமக்க வேண்டாம்.

ஊசியில்: முடித்த துணியிலிருந்து எடுப்பது

துணியை முழுதாகப் பின்னி முடித்துவிட்டு, பிறகு செதிலை மேலே முளைக்க வைக்கும் முறை இது. பின்னும்போதே எட்டு வரிசைக்கு ஒருமுறை முன்பக்கம் ஒரு பர்ல் வரிசை போட்டு வையுங்கள். அந்த மேடுகள்தான் பிடிமானம். முடிந்ததும் துணியைத் தலைகீழாகத் திருப்பி, மேட்டிலிருந்து பதினொரு கண்ணி எடுத்து, எட்டு வரிசை நேராகப் போய், பிறகு வரிசை விட்டு வரிசை இரு ஓரமும் குறைத்து மூன்றுக்கு வந்ததும் நூலை உள்ளே இழுத்து முடிக்க வேண்டும். நுனித் தொல்லை இங்கேயும் உண்டு, நூல் கணக்கும் அதேதான்.

பிறகு எதற்கு இது? திசைக்காக. குரோக்கடைல் ஆனாலும் சேர்த்துப் பின்னும் செதில் ஆனாலும் முனை எப்போதும் நீங்கள் தொடங்கிய விளிம்பைப் பார்த்துத்தான் இருக்கும். கீழிருந்து மேலே போகும் உடைக்கு அது சரி, செதில் கீழ்நோக்கித் தொங்கும். கழுத்திலிருந்து கீழே இறங்கும் ஸ்வெட்டரில் அதே செதில் கழுத்தை நோக்கி நிமிர்ந்து நிற்க முயன்று, கனத்தில் மடிந்து விழும். எடுத்துப் போடும் செதிலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. துணியை எப்படிப் பிடித்து எடுக்கிறோமோ அந்தப் பக்கம் வளரும். அதனால் மேலிருந்து கீழே பின்னும் உடைக்குச் செதில் வேண்டும் என்றால் நான் வேறு முறையை யோசிக்கவே மாட்டேன்.

இன்னொரு வசதியும் உண்டு. உடையை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு எங்கே செதில் வைக்கலாம், எத்தனை அடுக்கு என்று முடிவு செய்யலாம். தோளில் மட்டும் மூன்று அடுக்கு, முதுகில் நடுவாக ஒரு வரி. போதும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தலாம்.

செதில் இல்லாத செதில்

லேஸ் செதிலில் நூல் சுற்றிக் கண்ணி கூட்டி, அதே வரிசையில் வேறிடத்தில் சேர்த்துக் குறைத்து, துளைகளின் கோட்டால் செதில் வடிவம் வரையப்படுகிறது. ஒரே அடுக்குத் துணி. நூல் கூடுதலாகப் போகாது. நன்றாக மடிந்து விழும். மெல்லிய நூலில் போட்ட சால்வைக்கு இதற்கு ஈடில்லை. என்ட்ரலாக் வேறு ரகம்: சிறு சிறு கட்டங்கள் சாய்வாக ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து வரும், நிறம் மெதுவாக மாறும் நூலில் போட்டால் ஒவ்வொரு கட்டமும் தனிச் செதிலாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டிலும் விரலால் தூக்க ஒன்றும் இல்லை. அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்கான போர்வை என்றால் நான் வேண்டாம் என்பேன், சின்ன விரல்கள் செதிலைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கும்.

உலோகச் செதிலும் இருக்கிறது. அலுமினியத்தில், வண்ணப்பூச்சோடு, தலைப்பில் ஒரு துளையோடு வரும். கண்ணியை அந்தத் துளை வழியே இழுத்துப் பின்னினால் செதில் முன்பக்கம் தொங்கும். வேடம் போட, மேடையில் மின்ன, கையுறையின் மேல்புறத்துக்கு நன்றாக இருக்கும். அன்றாட உடைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். துளையின் விளிம்பு நூலை அரிக்கும், நாற்காலியையும் கீறும்.

நூலும் நிறமும்

எந்த முறையாக இருந்தாலும் நூல் வழுவழுப்பாகவும் நன்றாக முறுக்கேறியதாகவும் இருந்தால்தான் செதிலின் ஓரம் தெரியும். மொஹேர் மாதிரி பஞ்சுபோன்ற நூலில் இத்தனை உழைப்பும் ஒரு மொத்தமான பரப்பாகக் கலந்துவிடும். கறுப்பு, அடர் நீலம் இவற்றில் நிழல் தெரியாது, செதிலும் தெரியாது. சில அங்குலத்துக்கு ஒருமுறை நிறம் மாறும் பலவண்ண நூலும் அப்படித்தான். ஒரே செதிலுக்குள் நான்கு நிறம் வந்தால் கண்ணுக்கு வடிவம் பிடிபடாது. ஒற்றை நிறம், அல்லது அடுக்குக்கு அடுக்கு மெல்ல மாறும் நிறம், இரண்டுமே நன்றாக அமையும்.

பருத்தி நூலைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குத் துள்ளல் கிடையாது, கனமும் கூட. குரோக்கடைலில் பரவாயில்லை, கொக்கிப் பின்னலின் விறைப்பு தாங்கிக்கொள்ளும், பைக்குப் பருத்தியே நல்லது. நிட்டிங் செதிலில் பருத்தி துவண்டு தொங்கும். அங்கே கம்பளியோ கம்பளி கலந்த அக்ரிலிக்கோ போடுங்கள்.

மாதிரித் துண்டு போடாமல் இதில் இறங்காதீர்கள். ஓர் அடுக்கு போதாது, மூன்று அடுக்காவது வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று எப்படி மூடுகிறது என்று தெரியும். அதே நூலில் வெறும் துணியும் ஒரு துண்டு போட்டு, இரண்டையும் அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரே பரப்புக்கு எத்தனை மடங்கு எடை என்று வந்துவிட்டால், எத்தனை கண்டு வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், அந்த எடையை உடம்பு தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். செதில் துண்டை ஓர் இரவு தொங்கவிட்டால் எவ்வளவு நீள்கிறது என்பதும் காலையில் தெரியும்.

எதற்கு எது

கைப்பை, சுருக்குப்பை, மெத்தை உறை என்றால் குரோக்கடைல், யோசிக்கவே வேண்டாம். மெத்தை உறையில் ஒரு பக்கம் மட்டும் செதில் வையுங்கள், உட்கார்ந்து நசுங்கும் பக்கத்தில் வேண்டாம். முக்கோணச் சால்வையும் அப்படியே, மெல்லிய நூலில். கீழ்முனையில் தொடங்கினால் செதில் சரியான திசையில் விழும். குல்லாவுக்கு விளிம்பை நிட்டிங்கில் ரிப் (நீண்டு சுருங்கும் வரிவரிப் பின்னல்) போட்டு, அதற்குமேல் இரண்டு மூன்று அடுக்கு நிட்டிங் செதில், மேலே வெறும் துணி. அறுபது செதிலுக்குப் பதில் இருபதோ முப்பதோ போதும், நுனிகளும் பாதியாகும். சட்டைக்கையின் மணிக்கட்டுப் பகுதியில் செதில் அழகுதான், ஆனால் ஒவ்வொரு செதிலும் சாப்பாட்டுத் தட்டைத் தொடும், ஜிப்பில் மாட்டும். முழங்கைக்கு மேலே தள்ளிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கொக்கி பிடிக்கவே தெரியாது, ஊசி மட்டும்தான் என்பவர்கள் பைக்காக அறுபது எழுபது தனிச் செதில் போடுவதைவிட, கொக்கியில் செயினும் டபுள் குரோஷேயும் கற்றுக்கொள்வது சீக்கிரம் முடியும். ஊசி தெரியாத குரோஷேக்காரர்களுக்கு இதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். ஸ்வெட்டர்தான் வேண்டும் என்றால் உடலைச் சாதாரண குரோஷேயில் போட்டுவிட்டு, பைப்பகுதியிலோ காலரிலோ ஓர் அளவான குரோக்கடைல் துண்டைத் தைத்துவிடலாம், இழுபடாத இடம் என்பதால் அங்கே ஒத்துப்போகும்.

துவைப்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செதில் உள்ள எதையும் இயந்திரத்தில் போட்டால் பாதி மடங்கி, பாதி திரும்பி வெளிவரும். கையில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கவைத்து, ஒவ்வொரு செதிலையும் விரலால் நீவிக் காயவிட வேண்டும். இரண்டு அடுக்குத் துணி என்பதால் வெறும் பின்னலைவிட நேரமாகக் காயும். வாரம் ஒருமுறை துவைக்க வேண்டிய பொருளென்றால் லேஸ் செதிலுக்கே போய்விடுங்கள்.